நாற்பது லட்சமும் ஒரு சின்னமும்: வாசகர் கேள்வி பதில்

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் தம் தொகுதிக்குள் செய்யும் பிரசாரம் குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கட்சி வெல்லும், எந்தக் கூட்டணி உடையும் என்று கேட்டிருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். அதற்குப் பதில் சொல்ல ஊரெங்கும் டீக்கடைகள் இருக்கின்றன.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொல்லி வாழ்த்துப் பெற வந்தார். வாழ்த்தைத் தவிர அவருக்கு வேறென்ன சொல்லி அனுப்பலாம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

மைக்கைப் பிடிப்பதற்கு முன் பேனாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை. தடுக்கி விழும் இடங்கள் வேறு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்துப் பேரும் கடைசிவரை உறுதியாக நிற்பவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் தாக்கல் செய்த மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று மறுத்ததால் தள்ளுபடியானது. ஊரறிந்த நடிகருக்கே அந்தக் கதி என்றால் உங்கள் மாணவர் கூடுதல் கவனத்தோடு இருப்பது நல்லது. ஒருவர் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம் என்பதால், வெவ்வேறு பத்துப் பேரின் கையெழுத்தோடு இரண்டாவது மனு ஒன்றையும் கொடுத்து வைக்கலாம்.

படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், கல்வித்தகுதி, குற்ற வழக்கு ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். சொல்ல ஒன்றுமில்லாத கட்டத்தில்கூட 'இல்லை' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுத வேண்டுமே தவிர வெறுமனே விடக்கூடாது. மனு தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு உறுதிமொழி எடுக்காமல் வீடு திரும்பி, பரிசீலனை நாளில் மனுவை இழப்பவர்களும் உண்டு.

பத்துப் பேர் என்ற விதியும் இன்றைய டெபாசிட் தொகையும் ஏன் வந்தன என்பது நம் மாநிலத்துக் கதையும்தான். 1996 தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில், விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்பதைக் காட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தனர். களத்தில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாக வேண்டியிருந்தது. அதுவரை பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதே ஆண்டில் 5,000 ரூபாயாக உயர்ந்தது; 2010 முதல் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. போராட்டமாக நின்றவர்களைத் தடுக்கப் போட்ட வேலி, உண்மையாகவே நிற்க விரும்பும் ஏழையையும் சேர்த்தே தடுக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, சின்னம். மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். அந்த நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச இடைவெளி இரண்டு வாரம். கட்சிக்காரரின் சின்னம் வாக்காளரின் பாட்டி காலத்திலிருந்து பழகியது. உங்கள் மாணவரின் சின்னத்துக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் வயது. இது முடியாத காரியம் இல்லை: அதே ஆர்.கே.நகரில் டி.டி.வி.தினகரன் சில நாட்களே பழகிய பிரஷர் குக்கர் சின்னத்தில் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அவரிடம் இருந்த ஆள்பலமும் விளம்பரமும் உங்கள் மாணவரிடம் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்தான் செலவு செய்யலாம் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரே நாளில் வந்துபோன வண்டிகளையும் போட்ட நாற்காலிகளையும் பார்த்தால் அந்தத் தொகை ஒரு வாரத்துக்கும் காணாது. இதை யாருமே எண்ணுவதில்லையா?
– மளிகைக்கடை நடத்தும் வாசகி, திருப்பூர்

எண்ணுகிறார்கள், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட நுணுக்கமாக. நாற்காலிக்கு என்ன வாடகை, பந்தலுக்கு என்ன, ஒரு டீக்கு என்ன விலை என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கலந்து பேசி ஒரு விலைப்பட்டியலை வெளியிடுவார். வேட்பாளர் ஒரு பதிவேட்டில் நாள்தோறும் கணக்கு எழுத வேண்டும்; அதில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். அவர் எழுதுவதை மட்டும் நம்பாமல், வீடியோக் குழு எடுத்துவரும் காட்சிகளைப் பார்த்து அலுவலர்களும் ஒரு நிழல் பதிவேட்டைத் தனியாக எழுதுவார்கள். செலவினப் பார்வையாளர் பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்டதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவையும் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாகத்தான் செய்ய முடியும்.

அப்படியானால் ஓட்டை எங்கே? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 77 செலவு வரம்பை வைத்திருப்பது வேட்பாளருக்கு. கட்சிக்கு வரம்பே கிடையாது. அதோடு, வேட்பாளரின் கணக்கு தொடங்குவது மனுத்தாக்கல் செய்யும் நாளில். முடிவது முடிவு அறிவிக்கும் நாளில். ஆறு மாதமாகத் தொகுதியில் நடக்கும் மருத்துவ முகாம், கோயில் திருவிழா அன்னதானம், விளையாட்டுப் போட்டிக் கோப்பை ஆகியவை எதுவும் அந்த மூன்று வண்ணத் தாள்களில் ஏறாது. சட்டம் வேட்பாளர் என்ற தனி மனிதரைப் பார்க்கிறது. வாக்காளர்களாகிய நாம் சின்னத்தைப் பார்க்கிறோம். இவ்விரண்டு பார்வைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நீங்கள் பார்த்த வண்டிகள் ஓடுகின்றன.

இந்த இடைவெளியை நீதிமன்றம் ஒருமுறை அடைக்கப் பார்த்தது. தில்லித் தொகுதி ஒன்றின் தேர்தல் வழக்கில் 1974 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேட்பாளர் அறிந்து ஒப்புக்கொண்ட நிலையில் அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்றது. மை காய்வதற்குள், அதே மாதத்தில், கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்று அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றமும் அதை ஏற்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த வாசல் அகலத் திறந்தே கிடந்தது. 2003இல் அதைப் பெருமளவு சாத்தினார்கள்: இப்போது விலக்கு பெறுவது நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு மட்டுமே. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரையும் மற்றப் பதிவுபெற்ற கட்சி 20 பேரையும் அப்படி அறிவிக்கலாம். தலைவரின் ஹெலிகாப்டர் கட்சியின் கணக்கு. ஆனால் தலைவரோடு வேட்பாளர் மேடையில் ஏறிவிட்டாலோ, அவர் பெயரோ படமோ பேனரில் இருந்தாலோ, பந்தல், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வேட்பாளரின் கணக்குக்கு வந்துவிடும். பல வேட்பாளர்கள் மேடையில் இருந்தால் அவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் சின்னத்தை மட்டும் காட்டிக் கட்சி பொதுவாகச் செய்யும் விளம்பரம் கட்சியின் பாடு. தலைவர் ஊருக்கு வரும் நாளில் உங்கள் வேட்பாளர் ஏன் மேடைக்குக் கீழே நிற்கிறார் என்று நீங்கள் வியந்திருந்தால், பணிவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் கடை நடத்துபவர், கணக்கு உங்களுக்குப் புரியும். இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ள தொகுதியில் 40 லட்சம் என்பது தலைக்கு 16 ரூபாய். அந்த வாக்காளர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் கொடுக்க ஒருவர் நினைத்தால் தேவைப்படுவது ஆறேகால் கோடி. முதல் தொகையை எண்ணத்தான் மேற்சொன்ன அத்தனை அலுவலர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது தொகை எந்த வண்ணத் தாளிலும் வராது. இந்த 40 லட்சமே 2022 ஜனவரியில் வந்ததுதான். 2021 தேர்தலில் நம் வேட்பாளர்களுக்கு இருந்த வரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். வரம்பை உயர்த்தினால் கணக்கு உண்மையாகும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்சிக்கும் ஒரு வரம்பு வைக்காதவரை, வேட்பாளரின் வரம்பு 40 லட்சமாக இருந்தாலும் 80 லட்சமாக இருந்தாலும் பெரிய வேறுபாடு வராது.

வீட்டுக்கு வரும் வேட்பாளருக்கு ஆரத்தி எடுப்பது எங்கள் பகுதி வழக்கம். தட்டில் அவர் பணம் போட்டால் அது குற்றமா? வாங்கிய எங்களுக்கும் குற்றமா?
– மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

ஆரத்தி குற்றமில்லை, தட்டில் விழும் நோட்டு குற்றமாகலாம். வாக்கை எதிர்பார்த்துக் கொடுக்கப்படும் எந்த அன்பளிப்பும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 123-ன்படி லஞ்சம் என்னும் ஊழல் நடவடிக்கை. நிரூபிக்கப்பட்டால் அந்த வெற்றியையே உயர் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 170, கொடுப்பவர் வாங்குபவர் இருவரையும் ஒரே வரியில் வைத்துத்தான் பேசுகிறது. தண்டனை ஓராண்டுச் சிறை வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'மஞ்சள் நீருக்குக் கொடுத்தது, வாக்குக்கு இல்லை' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். வாசலில் வரிசையாகப் பத்துத் தட்டுகள் முன்கூட்டியே அடுக்கப்பட்டிருந்தால் அந்த வாதம் எடுபடுவது கடினம். தட்டு ஏந்த வருகிறவர்களுக்கு ஆள்கணக்கில் கூலி பேசும் ஏற்பாடும் ஊர்களில் அறியாத ஒன்றல்ல. வழக்கத்தை விடவும் வேண்டாம், வழக்கில் மாட்டவும் வேண்டாம் என்றால், தட்டை நீட்டாமல் பொட்டு மட்டும் வைத்து அனுப்புங்கள்.

பெரும் அளவில் பணப்பட்டுவாடா நடந்தால் தனி மனிதர்மீது வழக்குப் போடுவதோடு தேர்தல் ஆணையம் நிற்பதில்லை. 2016 மே மாதத்தில் மாநிலம் முழுவதும் வாக்குப்பதிவு நடந்தபோது அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரு தொகுதிகளிலும் மட்டும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் அடியோடு ரத்தாகி, நவம்பர் 19 அன்றுதான் நடந்தது. ஆர்.கே.நகரில் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தல் மூன்று நாள் முன்னதாக ரத்தாகி டிசம்பருக்குப் போனது. ரத்து செய்வதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பணம் கொடுத்தவர் அடுத்த முறையும் நிற்கலாம். அந்த நாள்வரை நேர்மையாக வீடு வீடாக நடந்து, கைக்காசைச் செலவழித்து, கடன் வாங்கி நோட்டீஸ் அடித்த சுயேச்சைதான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் லஞ்சம். தேர்தல் அறிக்கையில் மிக்சி தருவேன் என்றால் லஞ்சம் இல்லையா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறது. 2006இல் தி.மு.க. வாக்குறுதி அளித்த வண்ணத் தொலைக்காட்சியையும், 2011இல் அ.தி.மு.க. வாக்குறுதி அளித்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2013இல் வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கை வாக்குறுதி பிரிவு 123-ன்கீழ் ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அந்தப் பிரிவு பேசுவது வேட்பாளரும் அவருடைய ஆட்களும் செய்வதை. அறிக்கை வெளியிடுவதோ கட்சி. 40 லட்சம் பற்றிய பதிலில் சொன்ன அதே பார்வை வேறுபாடுதான் இங்கும் வருகிறது. ஆனால் இத்தகைய வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகே தேர்தல் அறிக்கைகள் ஆணையத்தின் தேர்தல் நடத்தை விதிகளின் வரம்புக்குள் வந்தன.

'நம்ம ஆளு' என்று சொல்லி வாக்குக் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பது பிரிவு 123(3)இன்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளர் தம் சாதியைச் சொல்லிக் கேட்டால்தான் குற்றமா, வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இரண்டும் குற்றமே என்றது. நடைமுறையில் 'நம்ம ஆளு' என்ற சொல் மைக்கில் வருவதே இல்லை. அது திண்ணையில் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் வேட்பாளர் அந்தத் தெருவைக் கடந்து போன பிறகு.

பிரசாரத்தில் பள்ளிக் குழந்தைகளைக் கோஷம் போட வைக்கிறார்களே?
– பெற்றோர் ஒருவர், விழுப்புரம்

கூடாது. 2024 பிப்ரவரியில் ஆணையம் இதைக் கண்டிப்பாகத் தடை செய்தது: குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு வாக்குக் கேட்பது, வண்டியில் ஏற்றிச் செல்வது, பாட்டோ வசனமோ பேச வைப்பது எல்லாம் அதில் அடங்கும். பெற்றோருடன் கூட்டத்தில் வந்து நிற்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது.

என் வீட்டுச் சுற்றுச்சுவரில் என்னைக் கேட்காமலேயே சின்னத்தை வரைந்துவிட்டார்கள். கேட்டால், 'நீங்க எந்தக் கட்சி?' என்று எதிர்க்கேள்வி வருகிறது.
– வாசகர், சேலம் மாவட்டம்

உரிமையாளரின் அனுமதியில்லாமல் தனியார் சுவரைத் தொடக்கூடாது என்பது நடத்தை விதி. சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. நீங்கள் எந்தக் கட்சி என்பது இதில் எழவே எழாது. தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செயலி வேண்டாம் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அழிக்கும் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறும் என்று நினைவூட்டினால் பெரும்பாலும் அவர்களே சுண்ணாம்பு வாளியோடு வந்துவிடுவார்கள்.

பிரசாரத்தால் உண்மையில் வாக்கு மாறுகிறதா? தொகுதிப் பக்கமே வராமல் வென்றவர்களும் உண்டுதானே?
– நூலகர், சென்னை

உண்டு. 1967 ஜனவரி 12 அன்று சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். கட்டுப் போட்ட அந்தப் படம்தான் ஊர் ஊராகச் சுவரொட்டியாய்ப் போனது. 1984இல் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது ஆண்டிபட்டியில் வென்றார். அப்போது அவர் படுக்கையில் இருந்த வீடியோக் காட்சி தொகுதிகளைச் சுற்றியது. வேட்பாளர் வரவில்லையே தவிர அவர் படம் வந்தது. பிரசாரம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1962இல் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்த தேர்தலில் அதன் தலைவர் அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967இல் அகில இந்திய அளவில் பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்ற காமராசர், தம் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் போராட்டத்திலிருந்து வந்த பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மாநிலம் முழுவதும் கட்சிக்காகச் சுற்ற வேண்டிய தலைவருக்குத் தம் தொகுதியின் தெருக்களில் நடக்க நேரம் கிடைப்பதில்லை. எதிரே நிற்பவருக்கோ அந்த ஒரு தொகுதியே உலகம். காமராசரின் தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று பெரிய காரணங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1,285 என்பது அலையின் அளவு அல்ல. சில தெருக்களின் அளவு.

கட்சி என்னை பூத் கமிட்டியில் போட்டிருக்கிறது. மேடையில் பேச வாய்ப்புக் கேட்டேன், வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இது தண்டனையா?
– முதல்முறைத் தொண்டர், திருநெல்வேலி மாவட்டம்

பதவி உயர்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஆயிரம் வாக்காளர் கொண்ட அந்தப் பாகத்தில் யார் இறந்துவிட்டார், யார் திருமணமாகி வேறு ஊர் போனார், யார் பெங்களூரில் வேலை செய்து வாக்குப்பதிவன்று பேருந்து ஏறுவார், எந்தப் பெரியவர் 85 வயதைக் கடந்து படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்குப் போடலாம் என்பதெல்லாம் தலைவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். வாக்குச்சாவடிக்கு அருகில் நீங்கள் வாக்காளருக்குக் கொடுக்கும் சீட்டில் வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ சின்னமோ இருக்கக்கூடாது, வெறும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூத் ஏஜென்டாக உட்கார வாய்த்தால் இரண்டு வேலைகளைத் தவறவிடாதீர்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்குச் சுமார் 90 நிமிடங்களுக்கு முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் இருந்து, குறைந்தது 50 வாக்குகள் போட்டு எண்ணிய பிறகு இயந்திரத்தில் அவை அழிக்கப்பட்டனவா என்று பார்ப்பது ஒன்று. மாலையில் படிவம் 17-சி நகலைக் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்வது மற்றொன்று. அந்த இயந்திரத்தில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்பதற்கு உங்கள் வேட்பாளரிடம் இருக்கப்போகும் ஒரே சான்று அதுதான். எண்ணும் நாளில் எண் மாறினால் பேச அந்தத் தாள் வேண்டும். பசியோடு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை வாங்காமல் வரும் ஏஜென்டுகளை எல்லாக் கட்சியிலும் பார்க்கலாம்.

உங்கள் மாவட்டத்து ராதாபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் தி.மு.க.வின் அப்பாவு தோற்றது 49 வாக்குகளில். தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட அஞ்சல் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டதுதான் வழக்கின் மையம். அந்தச் சான்றொப்பத்தைச் செல்லாதது என்று தள்ளியது சரியல்ல என்ற அடிப்படையில், அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி 2019இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது, எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிடத்தான் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அது வெளிவராமலேயே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. 2021இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று சபாநாயகரானார். அதே 2021இல் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. இந்த எண்களில் எதையும் எந்த மேடைப் பேச்சும் உருவாக்கியிருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள பட்டியலில் நான்கு பக்கங்களைப் புரட்டினால் அவற்றில் சில வந்துவிடும்.

சுயேச்சைக்கு இங்கேதான் முதுகு ஒடிகிறது. இருநூற்றைம்பது வாக்குச்சாவடிக்கு இருநூற்றைம்பது ஆட்கள் வேண்டும். நாள் முழுதும் உட்கார மாற்று ஆளும் வேண்டும். முதல் கேள்வி கேட்ட தலைமையாசிரியர் இதையும் தம் மாணவரிடம் சொல்லலாம்.

பிரசாரம் ஓய்ந்த பிறகு வேட்பாளர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டியதில்லை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம், ஊர்வலம், தொலைக்காட்சிப் பிரசாரம் ஆகியவற்றைத்தான் பிரிவு 126 தடுக்கிறது. ஒலிபெருக்கியும் கூட்டமும் இல்லாமல் வீடு வீடாகச் சென்று கேட்கலாம். வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் செய்தித்தாளில் விளம்பரம் போடுவதானால் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். வெளியூரிலிருந்து பிரசாரத்துக்கு வந்தவர்கள் தொகுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். அதனால்தான் அன்று மாலை லாட்ஜுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் போலீஸ் சோதனை. பட்டுவாடா பற்றிய புகார்கள் மிகுதியாக எழுவதும் இந்த அமைதியான இரண்டு இரவுகளில்தான்.

போன தேர்தலில் நின்று தோற்றேன். டெபாசிட்டும் போய்விட்டது. இப்போது கணக்குக் காட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. தோற்றவனுக்கு என்ன கணக்கு?
– முன்னாள் சுயேச்சை வேட்பாளர், கடலூர் மாவட்டம்

வென்றவருக்கு இருக்கும் அதே கணக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவரும் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் பிரிவு 10-ஏ-யின்படி மூன்றாண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கட்சிகள் சட்டமன்றத் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்க 75 நாள் அவகாசம் பெறுகின்றன. கணக்கெழுத ஆள் வைத்திருக்கும் கட்சிக்கு 75, தனியாளுக்கு 30. நோட்டீஸுக்கு உரிய காலத்தில் தாமதத்துக்கான காரணத்தை எழுதி, கணக்கையும் ரசீதுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மறுமொழியைப் பார்த்த பிறகுதான் ஆணையம் முடிவெடுக்கும்.

டெபாசிட்டைப் பற்றி: செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும். செல்லத்தக்க வாக்குகள் 1,80,000 இருந்த இடத்தில் 30,000 போதாது, 30,001 வேண்டும். நோட்டாவுக்கு விழுந்தவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், உங்கள் தொகுதியின் மொத்தத்திலிருந்து அவற்றைக் கழித்துவிட்டு ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.